தாயின் உணவும் சேயின் தலையெழுத்தும்

நீரிழிவு வந்தால் "பரம்பரை வியாதி" என்றும், பிள்ளை மெலிந்து பிறந்தால் "தாய்வழிச் சாயல்" என்றும் சொல்லி அமைதி கொள்வது எமது சமூகத்தின் வழமை. பெற்றோரிடமிருந்து வந்த பரம்பரையலகுகள் விதித்ததே உடல் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணம் பாதி உண்மையே என்பதை விஞ்ஞானம் இன்று தெளிவாக எடுத்துக் காட்டுகின்றது. மீதிப் பாதி கருவறையில், அதுவும் தாயின் உணவோடும் நலத்தோடும் சேர்ந்து, தீர்மானிக்கப்படுகின்றது. யுத்தத்தையும் பொருளாதாரத் தடையையும் இடப்பெயர்வையும் கண்ட எமது மண்ணுக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தியன்று.

கருக்கட்டிய ஒரே கலத்திலிருந்துதான் தசையும் நரம்பும் எலும்பும் உருவாகின்றன. இந்த இழையங்கள் அனைத்தின் கலங்களிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ. தான். சதையியின் குறித்த சில கலங்கள் மட்டும் இன்சுலினைச் சுரக்கின்றன. தசைக் கலத்திலும் அதே பரம்பரையலகு இருந்தும் அது மௌனமாகவே இருக்கின்றது. டி.என்.ஏ. மீது ஒட்டிக்கொள்ளும் மெதைல் என்ற சிறு இரசாயனக் குறிகளும், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏற்படும் மாற்றங்களும் இந்த மௌனத்தை நிலைநிறுத்துவதில் பங்கு கொள்கின்றன. எழுத்து மாறுவதில்லை, எந்தப் பக்கத்தை எப்போது திறந்து வாசிப்பது என்பதே மாறுகின்றது. 1942 இல் பிரித்தானிய உயிரியலாளர் கொன்ராட் வோடிங்டன் எபிஜெனெடிக்ஸ் எனப் பெயரிட்ட சிந்தனையிலிருந்து வளர்ந்த துறையே இன்று இதனை ஆராய்கின்றது.

கருக்கட்டல் நிகழ்ந்த உடனேயே பழைய குறிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டு, இழையங்கள் உருவாக உருவாகப் புதியவை இடப்படுகின்றன. மெதைல் குறிகளை இடுவதற்கான மூலப்பொருளை உடல் பெறுவதில் போலிக் அமிலம், விற்றமின் பி12 போன்ற சத்துக்களுக்கு முக்கிய இடமுண்டு. இதனால்தான் தாயின் உணவு இங்கே பேசுபொருளாகின்றது. அத்துடன், சில இழையங்களுக்கு மறுவாய்ப்புக் கிடையாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள் பிறப்பதற்கு முன்னரே உருவாகி முடிந்துவிடுகின்றன. பின்னர் எவ்வளவு ஊட்டம் கொடுத்தாலும் அவற்றின் தொகை கூடாது.

இதற்கு மனித வரலாறு தந்த சாட்சியம் நெதர்லாந்தில் இருக்கிறது. 1944 இன் பிற்பகுதியில் ஜேர்மனியப் படைகள் உணவு விநியோகத்தைத் தடுத்ததால் அந்நாட்டின் மேற்குப் பகுதி 1945 மே மாதம் வரை பட்டினியில் வாடியது. அக்காலத்தில் கருத்தரிக்கப்பட்ட 60 பேரை, பட்டினிக்கு உட்படாத அவர்களது உடன்பிறந்தாருடன் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008 இல் வெளியானது. கருவின் வளர்ச்சிக்கு உதவும் ஐ.ஜி.எப்.2 என்ற பரம்பரையலகில் அவர்களுக்கு மெதைல் குறிகள் குறைவாக இருந்தன; அதுவும் சுமார் 60 ஆண்டுகளுக்குப் பின்னர். கர்ப்பத்தின் இறுதிக் காலத்தில் மட்டும் பட்டினிக்கு உட்பட்டோரிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. எந்த மாதத்தில் பசி வந்தது என்பதே இங்கு முக்கியமாகின்றது.

இந்த இடத்தில் நாம் எம்மைப் பற்றிச் சிந்திக்காதிருக்க முடியாது. 1990 முதல் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தது. 'சூரியக்கதிர்' இராணுவ நடவடிக்கையின்போது, 1995 ஒக்டோபர் 30 இல், கொக்குவில் உள்ளிட்ட வலிகாமம் ஒரே இரவில் வெறுமையாகி, பல இலட்சம் மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். அந்தச் சனத்திரளில் கர்ப்பிணித் தாய்மாரும் இருந்தனர். அன்று அவர்கள் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதை அண்டி, தாமும் பெற்றோராகும் பருவத்தில் உள்ளனர். பெண் சிசுவின் சூலகத்தில் முட்டைகள் அது கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஆக, அன்று பாலத்தைக் கடந்த ஒரு தாய் தன் மகளை மாத்திரமன்றி, பேரப்பிள்ளைக்கான வித்தையும் சுமந்தே நடந்தாள்.

எனினும், "யுத்தம் எமது இரத்தத்தில் எழுதப்பட்டுவிட்டது" என்று முடிவுகட்டுவது விஞ்ஞானமாகாது. நெதர்லாந்தில் கண்ட வேறுபாடுகள் சிறியவை; அவைதான் பிற்கால நோய்களுக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை. மனிதரில் இக்குறிகள் தலைமுறை தாண்டிக் கடத்தப்படுகின்றன என்பதற்கான சான்றும் உறுதியானதல்ல. பழைய தலையெழுத்தை அகற்றிவிட்டுப் புதியதொரு தலையெழுத்தை எமது இளைஞர்களின் நெற்றியில் ஒட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

தேவைப்படுவது ஆய்வு. நெதர்லாந்து ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தவை பேணப்பட்ட பிறப்புப் பதிவேடுகளே. இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்த எமக்கு அது எளிதன்று. ஆனால் 1978 இல் தொடங்கப்பட்டு, கொக்குவில் ஆடியபாதம் வீதியில் இயங்கும் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைப் போன்று இந்த மக்களின் கதையை அறிந்த நிறுவனம் வேறில்லை. எஞ்சியுள்ள பதிவுகளையும் தாய்மாரின் நினைவுகளையும் திரட்டி, 1995–96 இல் கருவிலிருந்தோரின் உடல்நலத்தை நீண்டகாலம் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்கு அரசும் புலம்பெயர் உறவுகளும் உதவ வேண்டும்.

ஆய்வின் முடிவுக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. இந்தியாவின் புனே நகருக்கு அருகே ஆறு கிராமங்களில் 1993 இல் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் தொடங்கிய ஆய்வு எமக்கு நல்ல வழிகாட்டி. கர்ப்ப காலத்தில் பி12 குறைந்தும் போலிக் அமிலம் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதில் இன்சுலினுக்கான எதிர்ப்பு அதிகமாக இருந்தது. கீரையும் பயறும் போலிக் அமிலத்தைத் தரும். பி12 இயற்கையில் பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே கிடைக்கும். சைவ உணவு உண்ணும் குடும்பங்களின் கர்ப்பிணித் தாய்மாருக்கு இதனை எடுத்துரைப்பது அவசியம். போலிக் அமில மாத்திரையை நிறுத்துவதற்கு இது காரணமாகாது. முள்ளந்தண்டுக் குறைபாடுகளைத் தடுக்கக் கருத்தரிக்க முன்னரே அதனை எடுக்க வேண்டும். அத்துடன் பி12 உம் போதியளவு இருக்க வேண்டும் என்பதே பாடம்.

ஆனால் "நன்றாகச் சாப்பிடு" என்று தாய்க்குப் புத்திமதி சொல்வதோடு பொறுப்பு முடிந்துவிடாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முட்டையும் பால்மாவும் ஏழைகளுக்கு எட்டாக்கனியாகிய அந்த நெருக்கடிக் காலத்தில் கர்ப்பிணிகளுக்கான திரிபோஷா விநியோகமும் சீர்குலைந்தது. சமைக்கப் பொருளில்லாத வீட்டில் தாயைக் குறை சொல்வது கொடுமை. வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படக் கூடாத செலவு கர்ப்பிணியின் உணவுக்கான செலவே. திரிபோஷா தடையின்றிக் கிடைப்பதும், குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் உடனுக்குடன் நிரப்பப்படுவதும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

வீதிகளும் கட்டடங்களும் பழுதடைந்தால் மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். கருவில் ஒரு முறை மட்டுமே கட்டப்படும் இழையங்களுக்கு அந்த வசதியில்லை. அபிவிருத்தி பற்றிப் பேசுவோர் தாய்சேய் சிகிச்சை நிலையத்திலிருந்து தம் கணக்கைத் தொடங்கட்டும்.