ஓய்வுக்குப் பின் ஒரு பெரும்பணி

துறைமுகத்து ஓய்வூதிய மனுவாயினும், மகனுடைய வேலை விண்ணப்பமாயினும், ஆங்கிலத்தில் எழுதித்தர நம் இராயபுரம், திருவொற்றியூர்த் தெருக்களில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரைத்தான் தேடிச் செல்வோம். வேலை முடிந்ததும், ‘பாவம், பொழுது போகாமல் புத்தகமும் கையுமாக இருக்கிறார்’ என்று இரக்கப்படவும் செய்வோம். அவ்வாறு இரங்கத் தோன்றும்போதெல்லாம் பேராசிரியர் கே. சுவாமிநாதனை நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

1896-இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். இரமண மகரிஷியின் அடியார். 1953-இல் ஓய்வு பெற்றார். பிறகு சிலகாலம் பத்திரிகைப் பணி. 1960-இல், தம் 63-ஆம் வயதில், டில்லிக்குப் புறப்பட்டார். அந்த வயதில் நம்மவர் பெரும்பாலும் சாய்வு நாற்காலியைத்தான் தேடுவர்.

காந்தியடிகள் எழுதியவை, பேசியவை அனைத்தையும் தொகுத்து வெளியிடும் பணி 1956-இல் தொடங்கியிருந்தது. முதல் தலைமைப் பதிப்பாசிரியர் பாரதன் குமரப்பா, தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1957-இல் மறைந்தார். அடுத்து வந்த ஜெயராம்தாஸ் தௌலத்ராமும் விரைவில் விலகவே, பொறுப்பு சுவாமிநாதனிடம் வந்தது.

பணியின் தன்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே மனிதர் குஜராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குவித்திருக்கிறார். அரசியல் தலைவருக்கு எழுதிய கடிதமும் உண்டு. ஆசிரமத்துப் பெண்ணுக்கு உடல்நலம் கேட்டு எழுதிய இரண்டு வரியும் உண்டு. எதையும் ‘சிறியது’ என்று ஒதுக்கக்கூடாது. அனைத்தையும் கால வரிசையில் வைக்க வேண்டும். நாளிடாத கடிதமாயின், உள்ளே வரும் செய்தியைக்கொண்டே நாளை ஊகித்தறிய வேண்டும். பிறமொழியில் உள்ளதை ஆங்கிலமாக்கும்போது, காந்தியின் எளிய நடைக்குமேல் ஓர் அணிகலனும் பூட்டலாகாது. மாணவரின் கட்டுரைத் தாள்களை ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு திருத்திய கைக்கன்றோ இது வாய்க்கும்!

ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் இப்பணியிலேயே அமர்ந்திருந்தார். 1948 ஜனவரி 30 வரை எட்டிய 90-ஆம் தொகுதி 1984-இல் வெளிவந்தது. பின்பு துணைத் தொகுதிகளும் அட்டவணைகளும் சேர்ந்து, 1994-இல் 100 தொகுதிகள் நிறைவுற்றன. அதே ஆண்டில், 97 வயதில், சுவாமிநாதன் மறைந்தார்.

அவர் காலத்துக்குப் பின், ‘திருத்திய பதிப்பு’ ஒன்று வெளியாயிற்று. பழைய வரிசை குலைந்திருந்தது. பல பதிவுகள் விடுபட்டிருந்தன. அறிஞர்கள் வெகுண்டு எழுந்தனர். எத்தனையோ நூல்களில் அடிக்குறிப்பாக நிற்கும் தொகுதி எண்களும் பக்க எண்களும் பயனற்றுப் போகாவோ? முடிவில் 2005-இல் அரசு அத்திருத்தப் பதிப்பைக் கைவிட்டது. ஓய்வுபெற்ற அந்த ஆங்கில ஆசிரியர் அடுக்கிவைத்துச் சென்ற வரிசையையே இன்றும் ஆய்வாளர் நாடுகின்றனர்.