வல்லாரையின் பேரில் ஒரு பொய்

"வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே" என்ற பழமொழி இப்போது பொடிப் பாக்கெட்டுக்குக் குடிபோய்விட்டது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நாட்டு மருந்துக் கடைகளில் அதைப் பார்க்கிறேன். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 45 வயதைக் கடந்த பெண்களின் மறதிக்கு உகந்தது. மகளிர் குழுக் கூட்டங்களில் மைக் பிடிக்கிறவர்களும் இதையே பேசுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்து ஞாபகமறதிக்கு வரப்போரத்திலேயே மருந்து முளைத்திருக்கிறது, பக்கவிளைவு இல்லை, ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்கிறார்கள். பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

வல்லாரை மேல் எனக்குப் பகை கிடையாது. புளி, மிளகாய், தேங்காய் வைத்து அரைத்த வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டிலும் உண்டு. கீரையைக் கீரையாகச் சாப்பிடுகிறவரை யாருக்கும் நஷ்டமில்லை.

பொடி விற்கிறவர்களின் முதல் வாதம், நம் பாட்டிமார்களுக்கு மறதியே வந்ததில்லை என்பது. 1951-ஐ ஒட்டிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். பிள்ளைப்பேற்றில் போனவர்கள் எத்தனை பேர், காலராவில் போனவர்கள் எத்தனை பேர்! தப்பிப் பிழைத்துத் தடுமாறிய கிழவிகளை 'புத்தி பேதலித்துவிட்டது' என்று சொல்லித் திண்ணையில் உட்கார வைத்தோம். யாரும் கணக்கெடுக்கவில்லை.

அடுத்தது சரபோஜி மன்னர். சரஸ்வதி மகால் சுவடியிலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் தஞ்சாவூரில் எதிர்ப்பேச்சு எழாது. ஆனால், 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி என்ன செய்தார் என்று பாருங்கள். தன்வந்திரி மகால் என்ற தன் மருத்துவ நிலையத்தில் நாட்டு வைத்தியரையும் ஆங்கில வைத்தியரையும் சேர்த்தே வைத்திருந்தார். கண் நோயாளிகளின் விவரத்தையும் செய்த சிகிச்சையையும் எழுதிவைத்தார்கள்; கண்ணைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். பொடி விற்கிறவர்களிடம் அப்படி ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் காட்டட்டும்.

ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது என்பது மூன்றாவது. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உழைத்தது நீர்ப்பிரம்மியில். அது வேறு செடி. அதன் சாற்றை அளந்து 12 வாரம் கொடுத்த சிறு சோதனைகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது உண்மை. வல்லாரை பற்றிய சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017-ல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த ஆய்வு, நினைவாற்றல் கூடியதற்கு வலுவான சான்று இல்லை என்றே முடித்தது. மனம் சற்றுத் தெளிவாக இருக்கலாம் என்றது, அவ்வளவுதான்.

நான் முக்கியமாகப் பேச நினைப்பது நாலாவது வாதத்தைப் பற்றி: "சாப்பிட்டவர்களுக்குக் குணமாகிறதே, கண்ணால் பார்க்கிறோமே!"

குணமாகிறது, மறுக்கவில்லை. எதனால் குணமாகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கிய 'ஸ்வான்' ஆய்வு 2,362 பெண்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முடிவு 2009-ல் 'நியூராலஜி' இதழில் வந்தது. மாதவிடாய் முறைதவறும் காலத்தில் புதிதாகக் கற்கும் வேகம் மட்டுப்பட்டது, முழுதாக நின்ற பிறகு தானாகவே மீண்டது. நம் ஊரில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மந்தம் மிகுந்திருக்கும்போது பொடி வாங்குகிறாள், ஒன்றிரண்டு வருஷம் விடாமல் சாப்பிடுகிறாள், அதற்குள் மந்தம் தன் போக்கில் விலகுகிறது. பெயர் வல்லாரைக்குப் போகிறது. பொடியே வாங்காத அடுத்த வீட்டுக்காரிக்கும் அதே காலத்தில் தெளிந்ததை யாரும் மேடையில் சொல்வதில்லை.

தானாகத் தெளியாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். திடீரென்று 540-ஐ 450 என்று எழுத ஆரம்பித்தார். கட்டிய தவணையை மறுபடி கேட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் கொதித்து, ஜாக்கெட் நனைந்து எழுந்து உட்காருவார். விடியும் முன்னே உலை வைத்துவிட்டு நடவுக்குப் போக வேண்டும். கூடவே ஒன்றரை வருஷமாகப் பெரும்பாடு. அதை வெளியே சொல்லவில்லை. எட்டு மாதம் பொடி சாப்பிட்டார். கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் ரத்தம் பார்த்தார்கள்: ஹீமோகுளோபின் 7. மூளைக்குப் போக வேண்டிய பிராணவாயுவைச் சுமக்க ரத்தம் இல்லாதபோது எந்த இலை எதைத் தூக்கி நிறுத்தும்? உதிரப்போக்கை நிறுத்தி இரும்புச்சத்து ஏற்றிய பிறகு கணக்கு நோட்டு நேரானது. அந்த எட்டு மாதத்தைத்தான் நான் பொடிக்காரர்கள் கணக்கில் எழுதுகிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு மந்தமும் பி12 குறைவும் இதே மறதியைத்தான் கொண்டுவரும். மூன்றையும் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

பக்கவிளைவே இல்லையாம். வல்லாரை மாத்திரை சாப்பிட்ட மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலை கண்டதை அர்ஜென்டினா மருத்துவர்கள் 2005-ல் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு வயது 61, 52, 49. இந்தப் பொடியில் அமுக்கரா கலப்பதும் உண்டு. அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆகாது. சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. அமுக்கராவுக்கு டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. 'வரப்பிலிருந்து பறித்தது' என்று பெருமை வேறு. களைக்கொல்லி அடிக்காத வரப்பு டெல்டாவில் எத்தனை மிச்சம்?

ஆங்கில மருத்துவம் மட்டும் யோக்கியமா என்று உடனே கேட்பார்கள். மறதியைத் தடுக்கும் என்று நம்பிய ஹார்மோன் மாத்திரையை 65 வயது தாண்டிய 4,532 பெண்களிடம் சோதித்தார்கள். மறதிநோய் இரட்டிப்பானது என்று 2003-ல் அவர்களே வெளியிட்டார்கள். சோதித்ததால்தான் அது நமக்குத் தெரியும். அந்தச் சோதனைக்கு இந்தப் பொடியையும் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

மாதவிடாய்க் கோளாறுக்கும் மூளைக் கோளாறுக்கும் மருந்தென்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டமே தடுக்கிறது. அது மூலிகைக்கும் பொருந்தும். கூட்டம் நடத்துகிறவர்கள் அடுத்த முறை பொடிக்காரருக்கு மைக் கொடுப்பதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரைக் கூப்பிடுங்கள். வந்திருக்கும் பெண்களுக்கு ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பெரும்பாடு யாருக்கு, தூக்கமில்லாதது யாருக்கு என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.