தோளில் மிதக்கும் முக்கோணம்

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில், அதிகார நந்தி மீது எழுந்தருளும் கபாலீஸ்வரரை மாட வீதிகளில் தோளில் சுமந்து வருகிறார்கள் ஸ்ரீபாதம் தாங்கிகள். அவ்வளவு கனத்தையும் தாங்குவதில், முதுகின் மேல்பக்கம் இருக்கும் தோள்பட்டை எலும்புக்கும் பெரிய பங்கு உண்டு.

முக்கோண வடிவில், தட்டையாக இருக்கும் இந்த எலும்பு, இரண்டாவது விலா முதல் ஏழாவது விலா வரை பரவியிருக்கிறது. ஆனால், விலா எலும்புகளோடு இதற்கு மூட்டு கிடையாது. முன்பக்கம் இருக்கும் காறை எலும்பு மட்டுமே இதை உடற்கூட்டோடு இணைக்கிறது. மற்றபடி, இதைப் பிடித்து நிறுத்துவது தசைகள்தான். மொத்தம் 17 தசைகள் இதில் வந்து சேர்கின்றன.

இப்படி மிதப்பதில்தான் இதன் சிறப்பே இருக்கிறது. பரண் மேலிருக்கும் பாத்திரத்தை எடுக்கக் கையை நேராக உயர்த்தினால், அது 180 டிகிரி. அதில் சுமார் 120 டிகிரி தோள் மூட்டின் வேலை. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது.

தசை தளர்ந்தால் இந்தச் சுழற்சி கெட்டு, கையை உயர்த்தும்போது வலி வரலாம். மார்பின் பக்கவாட்டில் இறங்கும் ஒரு நீண்ட நரம்புதான், இந்த எலும்பை விலாவோடு ஒட்டவைக்கும் தசையை இயக்குகிறது. அதிக பாரத்தால் அந்த நரம்பு பாதிக்கப்பட்டால், எலும்பு சிறகு போலப் புடைத்து நிற்கும். இரு கைகளாலும் சுவரைத் தள்ளும்போது, பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும்.

என்ன செய்யலாம்?

* பிள்ளைகள் பள்ளிப் பையை இரண்டு தோளிலும் மாட்டட்டும்.

* ரங்கநாதன் தெருவில் வாங்கிக் குவித்த பைகளை ஒரே தோளில் தொங்கவிடாமல், இரு பக்கமும் பிரித்துச் சுமக்கலாம்.

* செல்போனைக் குனிந்து பார்க்காமல், கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடிக்கலாம்.

* இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் இழுத்து, 5 விநாடி நிறுத்தி விடலாம். சுவரில் கை ஊன்றி 10 முறை தண்டால் எடுக்கலாம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

தோள்பட்டையில் வலித்தால், காரணம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பித்தப்பைக் கல்லின் வலி, வலது தோள்பட்டைக்குக் கீழே தெரியலாம். தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால், தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.