வாசிக்கும் முன் 'செட்டிங்' படிப்போம்!



"மியூசிக் எல்லாம் நமக்கு எதுக்குப்பா? நாம மெக்கானிக்கல் ஆளுங்க" என்று ஒதுங்குகிறவர்கள் நம்மில் அதிகம். நான் சொல்வது நேர் எதிர். அரம் பிடிக்கவும், வெர்னியரில் அளவு பார்க்கவும் தெரிந்த நமக்குத்தான் இசைக்கருவி சீக்கிரம் வசப்படும்!

மேல்நாட்டில் பேஞ்சோ யுகுலேலே என்று ஒன்று உண்டு. கஞ்சிரா மாதிரி தோல் போர்த்திய வட்டம், நான்கு தந்தி. நம் நாட்டில் பேஞ்சோ என்று பலரும் சொல்வது புல்புல்தாராவை. 1912-ல் ஜப்பானின் நகோயாவில் கோரோ மொரிடா என்பவர், டைப்ரைட்டரைப் பார்த்து உருவாக்கிய தைஷோகோட்டோதான் இங்கே வந்து புல்புல்தாரா ஆனது. ஒரு கை தந்தியை மீட்ட, மறு கை கட்டையை அழுத்தினால் சுரம் பேசும்.

"வாங்கினேன், அபசுரமா இருந்துச்சு, பரண்ல போட்டுட்டேன்" என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை பெரும்பாலும் விரலில் இல்லை, செட்டிங்கில்!

கணக்கு எளிது. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். 600 மி.மீ. தந்தி என்றால் மேல் ஸ்தாயி சட்ஜம் 300-ல் வரவேண்டும். முதல் மெட்டு எங்கே? 600-ஐ 17.817-ஆல் வகுங்கள்: 33.7 மி.மீ. மீதியை மறுபடி வகுத்தால் அடுத்த இடைவெளி 31.8. ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

குதிரை ஒட்டப்படாமல், தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கருவிகளில் சோதனை இதுதான். வெறும் தந்தியை மீட்டுங்கள். பிறகு 12-வது மெட்டில் மீட்டுங்கள். மேல் சட்ஜம் கூடுதலாக ஒலித்தால் குதிரையைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் முன்னால். முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. எல்லாச் சுரமும் சேர்ந்து ஏறுமே தவிர, இடைவெளிப் பிழை அப்படியே இருக்கும். ஒரு ஸ்தாயி ஏற்ற நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். அதற்குள் தந்தி அறுந்துவிடும்!

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளை மெழுகில் பதித்து 'மேளம் கட்டுகிறவர்' இதைக் காதாலேயே செய்கிறார். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014), நான்கு ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு, ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்தினார். கருவியைத் தன் வேலைக்கு ஏற்ப மாற்றினார். அது இசை மட்டுமா? இன்ஜினியரிங் இல்லையா?

"இதையெல்லாம் கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பாங்களா?" என்பீர்கள். கேட்க மாட்டார்கள்தான். ஆனால் யோசியுங்கள். அசெம்பிளி லைனில் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றால் அடுத்த போல்ட்டுக்குப் போகிறோம். ஏன் அந்த அளவு என்று கேட்க நேரமில்லை. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டதே! லைன் நிற்கலாம், கம்பெனி போகலாம். காரணம் தெரிந்து, காதும் கையும் சேர்ந்து ஒரு பொருளைச் சரிசெய்யும் திறமை நம்மை விட்டுப் போகாது.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கேரம் போர்டு பக்கத்தில் ஒரு புல்புல்தாராவும், ஒரு செட் தந்தியும், ஒரு ஸ்டீல் ரூலும் வாங்கி வையுங்கள். ஒரகடம் ஷிப்டுக்குப் போகும் முன்பே, ஒரு பொருளையாவது நாமே செட் பண்ணிப் பழகுவோம். பாட்டு பிறகு தானாக வரும்!