கடைசி வரிசையை வெட்டச் சொல்பவருக்கு

ஒரு விளையாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வருகிறவருக்கு அதன் முதல் ஐந்து இடங்கள் மட்டும் தெரிந்தால் போதாது, கடைசி ஐந்து இடங்களில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜெயிக்காத சிறிய அணிகளை வெளியேற்றிவிட்டு, பெரிய அணிகளுக்கு ஆளுக்கு மூன்று கார் கொடுத்துவிடலாம் என்று வாதாடியிருக்கும் கட்டுரையாளருக்கு அது தெரியவில்லை. தெரியாததைப் பேசாமல் விட்டிருந்தால் இந்த எதிர்வினைக்கு வேலையே இல்லை. அவரோ இத்தாலியின் ஃபயன்ஸா ஊரைச் சேர்ந்த மினார்டி அணியைக் கூண்டில் ஏற்றி, 1985 முதல் 2005 வரை இருபத்தொரு பருவங்கள், 340 பந்தயங்கள், மொத்தமே 38 புள்ளிகள், ஒருமுறைகூட முதல் மூவருக்கான மேடையில் ஏறவில்லை என்று குற்றப்பத்திரிகை வாசித்து, வழக்கை முடித்துவிட்டதாக நினைக்கிறார். மூன்று கார் யோசனையும் அவர் கண்டுபிடித்ததல்ல. 2014-இல் சிறிய அணிகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது அன்றைய ஃபார்முலா ஒன் தலைவர் பெர்னி எக்லஸ்டன் கிளப்பிவிட்ட பழைய சரக்கு அது. அதைத் தூசிதட்டித் தன் கடையில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த 38 புள்ளிகளிலிருந்தே தொடங்குவோம். 2002 வரை முதல் ஆறு இடங்களுக்கு மட்டுமே புள்ளி உண்டு, 2003-இல் அது எட்டாயிற்று, 2010-இல்தான் பத்தாயிற்று என்ற தகவல் கட்டுரையில் எங்கும் இல்லை. தெரிந்து மறைத்தாரா, தெரியாமல் விட்டாரா? தெரிந்து மறைத்திருந்தால் அது நேர்மைக்கேடு. தெரியாமல் விட்டிருந்தால், இருபத்தொரு ஆண்டு உழைப்பை ஒரே வரியில் குப்பைக்கூடையில் போடும் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? ஒரு புள்ளி என்றால் என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் அவர் 1999 நூர்பர்கிரிங் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். மழை வந்து வந்து போக, முன்னால் ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மினார்டி ஓட்டுநர் லூகா படோயர் நான்காம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். இன்னும் பதின்மூன்று சுற்றுகள்தான் பாக்கி. கியர்பாக்ஸ் போய்விட்டது. காரை ஓரங்கட்டி இறங்கியவர் அதன் அருகிலேயே மண்டியிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அழுதார். வாழ்நாளில் அவருக்கு ஃபார்முலா ஒன்னில் ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. அதே பந்தயத்தில் அதே அணியின் மார்க் ஜெனே ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார். அந்த ஆண்டு, புகையிலைக் கம்பெனியின் பணம் கொட்டிக் கிடந்த, முன்னாள் உலகச் சாம்பியன் ஜாக் வில்நெவ் ஓட்டிய பார் அணி எடுத்த புள்ளி பூஜ்யம். பருவத்தின் முடிவில் மினார்டிக்குக் கீழே நின்றது அந்த அணிதான்.

இனி அவருடைய அளவுகோலுக்கு வருவோம். ஜெயிப்பதுதான் ஒரே அளவுகோல் என்றால், 2023-இல் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் ஒரே அணியாக அள்ளியது. சிங்கப்பூரில் மட்டும் ஃபெராரி தப்பிப் பிழைத்தது. மீதி எட்டு அணிகள் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. மெர்சிடிஸும் மெக்லாரனும் அந்த எட்டில் அடக்கம். அவற்றையும் வெட்டிவிடலாமா? மெக்லாரன் 2015-இலும் 2017-இலும் அணிகளின் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் கிடந்தது. 2012-இன் கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தபின் 2021 மோன்ஸா வரை அதற்கு வெற்றியே இல்லை. கட்டுரையாளரின் கத்தரிக்கோலை 2017-இல் ஒருவர் கையில் எடுத்திருந்தால் 2024-இலும் 2025-இலும் பட்டம் வென்ற அணி இன்று இருந்திருக்காது. 'மெக்லாரன் பெரிய அணி, அது வேறு' என்று அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அளவுகோல் வெற்றியல்ல, பணமும் பெயரும் என்று ஆகிறது. அதை முதல் பத்தியிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாமே? பணம்தான் தகுதி என்றால் டொயோட்டா வருகிறது. உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, 2002 முதல் 2009 வரை எட்டுப் பருவங்கள் பணத்தைத் தண்ணீராய் இறைத்து, ஒரே ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காமல் ஊருக்குத் திரும்பியது. ஜெயிக்காத அணிகளின் மேல் இத்தனை கோபம் கொண்டவரின் கட்டுரையில் டொயோட்டாவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. தோற்ற ஏழை மட்டும்தான் அவர் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தெரிகிறான்.

அவருடைய முரண்பாடுகளிலேயே என்னை மிகவும் எரிச்சலூட்டியது கட்டுரையின் தொடக்கம். ஃபெர்னாண்டோ அலோன்ஸோவை வானளாவப் புகழ்ந்துவிட்டு, நான்கு பத்தி தள்ளி மினார்டியைத் தேவையில்லாத சுமை என்கிறார். அலோன்ஸோ எங்கிருந்து வந்தார்? 2001-இல் மெல்போர்னில் அவர் முதன்முதலில் ஓட்டியது மினார்டி கார். அந்தப் பருவம் முழுவதும் அவர் எடுத்த புள்ளியும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் இருந்த கையை, பின்தங்கிய காரில் அவர் செய்த வேலையை, பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். 2005-இலும் 2006-இலும் அவர் உலகச் சாம்பியன். அலோன்ஸோவுக்கு அடுத்த ஆண்டு, 2002-இல், அதே மெல்போர்னில் மினார்டிக்காக முதல் பந்தயம் ஓட்டிய மார்க் வெப்பர் ஐந்தாவதாக வந்தார். நன்னினி, ஃபிஸிகெல்லா, ட்ரூலி மூவருக்கும் ஃபார்முலா ஒன் கதவைத் திறந்துவிட்டது மினார்டிதான், மூவருமே பின்னால் பந்தயம் ஜெயித்தவர்கள். ஃபெராரியிலும் மெர்சிடிஸிலும் பட்டம் வென்ற கார்களுக்குப் பின்னால் நின்ற ஆல்டோ கோஸ்டா என்ற பொறியாளர் ஃபார்முலா ஒன் தொழிலைக் கற்றுக்கொண்டதும் ஃபயன்ஸாவில்தான். இதற்கெல்லாம் புள்ளிப்பட்டியலில் இடம் இல்லை. கட்டுரையாளருக்கு அதைத் தவிர வேறு ஏடு படிக்கத் தெரியாது.

மினார்டி ஒரு விதிவிலக்கா? சென்னா 1984-இல் மொனாக்கோ மழையில் இரண்டாவதாக வந்தது டோல்மன் காரில். ஷூமாக்கர் 1991-இல் ஸ்பாவில் அறிமுகமாகி, தகுதிச்சுற்றில் ஏழாம் இடம் பிடித்தது, அந்த ஆண்டுதான் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்திருந்த ஜோர்டன் காரில். ராய்க்கோனனும் லெக்லேரும் சாபரில் தொடங்கினார்கள், ரஸல் கடைசி இடத்தில் கிடந்த வில்லியம்ஸில். இவர்களை எல்லாம் முதல் நாளே ஃபெராரி கூப்பிட்டு உட்கார வைத்திருக்கும் என்று நினைக்கிறாரா அவர்? மூன்று கார் கிடைத்தால் பெரிய அணி மூன்றாவது காரில் புதுப்பையனை ஏற்றிப் பழக்கும் என்கிறார். பட்டத்துக்கு ஓடும் அணி மூன்றாவது காரைத் தன் முதல் ஓட்டுநருக்குக் காவல் நிற்கத்தான் வைத்துக்கொள்ளும். இரண்டு கார் இருக்கும்போதே அதைத்தானே செய்கிறார்கள்!

பணம் கொடுத்து இடம் வாங்கும் ஓட்டுநர்களால் தரம் கெட்டது என்பது அவருடைய அடுத்த புலம்பல். நிக்கி லவுடா வங்கியில் கடன் வாங்கி மார்ச் அணியில் இடம் பிடித்தவர். மூன்று முறை உலகச் சாம்பியன். மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சிறிய அணிகள் ஓடுபாதையில் நகரும் தடைகள், ஆபத்தானவை என்ற குற்றச்சாட்டுக்கு 2012 மலேசியப் பந்தயத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். அங்கே எச்ஆர்டி காரில் இருந்த நரேன் கார்த்திகேயனோடு உரசி ரெட் புல் ஓட்டுநர் வெட்டலின் டயர் கிழிந்தது, வெட்டல் கோபத்தில் அவரை வெள்ளரிக்காய் என்று திட்டினார், நடுவர்கள் நரேனுக்கு நேரத் தண்டனையும் கொடுத்தார்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் 2007-இல் ஃபூஜியில், பாதுகாப்புக் காரின் பின்னால் எல்லோரும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டாம் இடத்தில் இருந்த வெப்பரின் முதுகில் போய் மோதி இருவர் பந்தயத்தையும் முடித்துவைத்த இளைஞன் யார்? இதே வெட்டல்தான், அன்று டோரோ ரோஸோ ஓட்டுநர். அதாவது கைமாறிய மினார்டியின் ஓட்டுநர். அடுத்த ஆண்டு மோன்ஸாவில் மழையில் முதலிடத்தில் புறப்பட்டு முதலிடத்திலேயே முடித்தார். காரின் வடிவமைப்பு ரெட் புல்லுடையது, எஞ்சின் ஃபெராரியுடையது என்பதை நான் மறைக்கவில்லை; ஆனால் காரை ஓட விட்டவர்கள் ஃபயன்ஸாக்காரர்கள், தாய் அணியான ரெட் புல்லின் முதல் வெற்றி அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. விபத்து வேண்டுமானால், 1989-இலும் 1990-இலும் ஸுஸுகாவில் மோதிக்கொண்ட ப்ராஸ்டும் சென்னாவும், 2016-இல் ஸ்பெயினில் முதல் சுற்றிலேயே ஒருவரையொருவர் வெளியேற்றிக்கொண்ட ஹாமில்டனும் ராஸ்பெர்க்கும் எந்த ஏழை அணியில் இருந்தார்கள்? மெதுவான காருக்கு நீலக்கொடி இருக்கிறது, தகுதிச்சுற்றில் 107 விழுக்காடு விதி இருக்கிறது. முன்வரிசைக்காரர்களின் அகங்காரத்துக்கு என்ன கொடி வைத்திருக்கிறார்?

அவருடைய பெரிய ஆயுதம் சந்தை. எச்ஆர்டி, கேட்டர்ஹாம், மாருஸியா மூன்றும் திவாலானது சந்தையின் தீர்ப்பாம். எந்தச் சந்தை? 2009-இல் இந்த அணிகளை உள்ளே அழைத்தபோது, ஆண்டுச் செலவுக்கு 40 மில்லியன் பவுண்டு உச்சவரம்பு வரும் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். பெரிய அணிகள் தனியாகப் பந்தயம் நடத்துவோம் என்று மிரட்டின, வரம்பு காற்றில் போனது. பிறகு விதிகளைப் பேசும் வியூகக் குழுவில் ஆறு அணிகளுக்கு மட்டும் நாற்காலி, சிறியவர்கள் வாசலில். 2014-இல் புது ஹைபிரிட் எஞ்சின் வந்து வாடகை எகிறியது. ஒருவனைக் கை கால் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று பழி சொல்வதற்குப் பெயர் சந்தையா? அப்படிக் கட்டிப்போட்ட நிலையிலும், 2014 மொனாக்கோவில் ழூல் பியாங்கி மாருஸியா காரை ராஸ்காஸ் வளைவின் உட்புறம் செருகி, கோபயாஷியின் கேட்டர்ஹாமை உரசிக்கொண்டே முந்தி, ஐந்து நொடித் தண்டனைக்குப் பிறகும் ஒன்பதாவதாக நின்று இரண்டு புள்ளி எடுத்தார். அந்த ஆண்டு முழுக்க ஒரு புள்ளியும் எடுக்காத சாபருக்கு மேலே மாருஸியா முடிந்தது. அக்டோபரில் ஸுஸுகா விபத்து, அடுத்த ஜூலையில் பியாங்கி இறந்தார். அவர் எடுத்துவைத்த ஒன்பதாம் இடத்தின் பரிசுப் பணம்தான் திவாலான அந்த அணியை மேனர் என்ற பெயரில் மறுபடி ஓட வைத்தது. பின்னால் பந்தயம் ஜெயித்த எஸ்டபன் ஓகோன் அறிமுகமானது அந்த மேனரில். இந்த இரண்டு புள்ளிகளைத்தான் கட்டுரையாளர் சில்லறை என்று எழுதியிருக்கிறார்.

சிறிய அணிகள் பரிசுப் பணத்தைப் பங்குபோட்டுக் கரைக்கின்றன என்ற வரியில்தான் அவருடைய உள்நோக்கம் வெளியே தெரிகிறது. 2020-இல் கையெழுத்தான ஒப்பந்தம், புதிதாக வருகிறவர் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஈடாக 200 மில்லியன் டாலர் வைக்க வேண்டும் என்றது. 2024 ஜனவரியில் ஆண்ட்ரெட்டி அணியை, போட்டி போடும் தரம் வராது, விளையாட்டுக்கு மதிப்புச் சேராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு முடிவதற்குள், அதே திட்டம் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பெயரோடு வந்தபோது கதவு திறந்தது. பத்து மாதத்தில் தரம் எங்கிருந்து குதித்தது? இருக்கிற இடங்களின் விலை ஏற வேண்டும், அதற்கு வெளியே இருப்பவன் வெளியேயே நிற்க வேண்டும் என்பது பங்குதாரரின் கணக்கு. பங்குதாரர் அப்படி நினைப்பதில் எனக்கு வியப்பில்லை. ரசிகன் என்று சொல்லிக்கொள்பவர் எதற்கு அந்தக் கணக்குப்பிள்ளை வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார்? நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிறவனுக்காவது விறகு கிடைக்கும்.

'இந்தியர்கள் பெருமைப்பட ஃபார்முலா ஒன்னில் என்ன இருக்கிறது' என்றும் போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர் நரேன் 2005-இல் உள்ளே நுழைந்தது ஜோர்டன் வழியாக. சென்னைக்காரர் கருண் சந்தோக் 2010-இல் எச்ஆர்டி வழியாக. இரண்டும் இவர் வெட்டச் சொல்லும் கடைசி வரிசை. முன்வரிசை அணி எதுவும் அன்று நம் ஆட்களுக்குப் பந்தய இருக்கை கொடுக்கவில்லை. அந்த ஜோர்டன்தான் கைமாறிக் கைமாறி ஃபோர்ஸ் இந்தியா ஆகி, 2016-இலும் 2017-இலும் தன்னைவிடப் பணக்கார அணிகளைப் பின்னுக்குத் தள்ளி நான்காம் இடம் பிடித்து, இன்று அதே சில்வர்ஸ்டோன் இடத்தில் ஆஸ்டன் மார்ட்டினாக நிற்கிறது. அலோன்ஸோ இப்போது ஓட்டுவது அந்த அணிக்குத்தான் என்பதையாவது அவர் அறிவாரா?

நரேனின் முதல் ஆண்டில், ஜூன் 19 அன்று, இண்டியானாபொலிஸ். மிஷலின் டயர் வேகவளைவைத் தாங்காது என்று தெரிந்து, ரெனோ, மெக்லாரன், வில்லியம்ஸ், டொயோட்டா உள்ளிட்ட ஏழு அணிகளின் பதினான்கு கார்களும் ஒரு சுற்று உருண்டு வந்து பிட்டுக்குள் நுழைந்து நின்றுகொண்டன. காசு கொடுத்து வந்த கூட்டம் கத்தியது, பாதையில் பாட்டில்களை வீசியது. புறப்படும் கோட்டில் மிச்சமிருந்தவை ஆறு கார்கள்: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி. எழுபத்து மூன்று சுற்றுப் பந்தயத்தை ஆறு பேரும் கடைசிவரை நின்று முடித்தார்கள். ஜோர்டனின் மான்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது, பின்னால் இரண்டு மினார்டிகள். கட்டுரையாளர் சொன்னபடி கடைசி வரிசையை முன்கூட்டியே வெட்டியிருந்தால் அன்று அந்தக் கூட்டத்தின் முன் ஓடியிருக்கக்கூடியவை இரண்டே கார்கள், இரண்டும் சிவப்பு.