இரண்டு குழிக்கு நடுவே

சித்திரை மாதத்து மாலை ஒன்றில் எங்கள் கொல்லைக்கு அப்பால் நின்ற தென்னைமரத்தில் இடி விழுந்தது. மொட்டைமாடி ஏரியலில் விழவில்லை. அந்தக் கம்பி இன்றைக்கும் அப்படியே கட்டிக்கிடக்கிறது. ஆனால் அறைக்குள் மேசைமேல் இருந்த டிரான்ஸீவர் செத்துப்போனது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஏரியல் கேபிள் வந்து சேரும் சாக்கெட்டிலிருந்து பவர் சப்ளை வயர் வந்து சேரும் முனை வரை போர்டில் ஓடிய செம்புத் தடம் ஆவியாகிவிட்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கருப்புக் கோடு. கோட்டின் இரு கரையிலும் குண்டூசித் தலையளவு செம்பு மணிகள் தெறித்து ஒட்டியிருந்தன. பவர் சப்ளைக்குள், த்ரீ பின் பிளக்கின் எர்த் வயரைப் பிடித்திருந்த திருகும் கருகியிருந்தது. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறியிருக்கிறது மின்சாரம். அது நுழைந்த வாசல், ஏரியலுக்கென்றே நான் காசு கொடுத்துத் தோண்டிய எர்த் குழி.

“ஏரியலுக்குத் தனிக் குழி போடணும் சார். வீட்டு எர்த்தோட கலந்துடக் கூடாது.” எலக்ட்ரீசியன் அப்படித்தான் சொன்னார். கொல்லையில் ஆளுயரத்துக்கு மேல் தோண்டி, ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினோம். வீட்டு எர்த் குழி முன்பக்கம், மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்தது. இரண்டையும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நானும் நம்பினேன். ஹாம் ரேடியோ நண்பர்களிடம் கேட்டேன், ஆமாம் என்றார்கள். டிஷ் மாட்ட வருகிறவர், சிசிடிவி மாட்ட வருகிறவர், இன்வெர்ட்டர் கடைக்காரர் என்று யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். இவ்வளவு பேர் நம்பும் இந்தத் தனி எர்த், ஒரு வீட்டு ரேடியோவுக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று.

இதைப் புரிந்துகொள்ள மாட்டைப் பார்த்தால் போதும். மரத்தடியில் கட்டிய மாடுகள் இடியில் செத்துக்கிடப்பதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். மாட்டின் மேல் இடி நேராக விழுந்திருக்க வேண்டியதில்லை. மரத்தில் விழுந்த மின்னல் வேர்வழியாக மண்ணில் இறங்கி நாலாபக்கமும் பரவுகிறது. அப்போது மரத்துக்கு அருகே மண்ணின் மின்னழுத்தம் மிக அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. முன்கால் ஓர் அழுத்தத்திலும் பின்கால் வேறோர் அழுத்தத்திலும் நிற்கிற மாட்டுக்கு, அந்த வித்தியாசம் நெஞ்சுவழியாகப் பாய்கிறது. மனிதன் கால்களை ஒட்டிவைத்து நின்றால் தப்பிக்க வழி உண்டு. மாட்டுக்கு அது முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மின்னலின் முதல் அடி சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். மண்ணின் தன்மின்தடை 100 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிபட்ட இடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி மண்ணின் அழுத்தம் ஏறக்குறைய 48,000 வோல்ட். 25 மீட்டரில் 19,000 வோல்ட். அடிபட்ட இடத்தைப் பார்த்து நிற்கும் மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்றால், பத்தாவது மீட்டரில் அவற்றுக்கிடையே 6,000 வோல்ட்டுக்கு மேல். இப்போது மாட்டை விடுங்கள். பத்தாவது மீட்டரில் என் ஏரியல் குழி, இருபத்தைந்தாவது மீட்டரில் வீட்டுக் குழி. இடையே வித்தியாசம் 28,000 வோல்ட்டுக்கு மேல். அந்த இரண்டு கால்களையும் சேர்க்கிற உடம்பு எது? கொல்லைக் குழியிலிருந்து ஏறும் எர்த் வயர், கேபிளின் மேல் வலை, ரேடியோவின் சேஸிஸ், பவர் சப்ளை, த்ரீ பின் பிளக், அங்கிருந்து முன்பக்கக் குழி. 13.8 வோல்ட்டில் ஓடுகிற ஒரு கருவியை 15 மீட்டர் நீள மாட்டின் நெஞ்சாக நான் வைத்திருந்தேன்.

இடி ஏரியலிலேயே நேராக விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். நன்றாகப் போட்ட குழிக்கே 5 ஓம் தடை இருக்கும். 30,000 ஆம்பியர் அதில் இறங்கும்போது குழியே 1,50,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். வீட்டுக் குழி கீழேயே நிற்கும். வித்தியாசம் முழுதும் ரேடியோவின் தலையில். கூடுதல் உப்புப் போட்டு 5 ஓமை 2 ஓம் ஆக்கினாலும் 60,000 வோல்ட். நம் ஊரில் இடி வலுப்பது சித்திரை, வைகாசி வெப்பச்சலனத்தில். மண் வறண்டு பாளம்பாளமாக வெடித்து, குழியின் தடை உச்சத்தில் இருக்கிற நாட்களும் அவைதான். ஆகவே “நல்ல எர்த் போட்டிருக்கேன்” என்பது மட்டும் பதில் ஆகாது. குழி எவ்வளவு நல்லது என்பதைவிட, வீட்டில் உள்ள எல்லா எர்த்தும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வீடு முழுதும் சேர்ந்து 1,50,000 வோல்ட்டுக்கு ஏறி, சேர்ந்தே இறங்கினால், ரேடியோவுக்குள் பாய வித்தியாசம் எதுவும் இராது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இந்தியத் தரமாக ஏற்கப்பட்டிருக்கும் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305, மின்னல் காப்புக்கும் மின் இணைப்புக்கும் தொலைத்தொடர்புக்கும் சேர்த்து ஒரே எர்த் அமைப்பு இருப்பதே நல்லது என்கிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 810ஆம் பிரிவு, ஏரியலுக்குத் தனிக் கம்பி அடித்தால் அதை வீட்டு எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் கட்டியாக வேண்டும் என்கிறது. கட்டாமல் விடுவது அங்கே விதிமீறல். இங்கே அதையே சிறந்த வேலை என்று சொல்லிக் கூலி வாங்குகிறார்கள். எனக்கு ஆற்றாமை அதில்தான்.

இந்தத் தனி எர்த் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரேடியோ சிலோன் கேட்ட காலத்து வால்வு ரேடியோவின் முதுகில் ஏரியல், எர்த் என்று இரண்டு முனைகள் இருக்கும். கரண்டுக்கு இரண்டு பின் பிளக். அந்தப் பெட்டிக்கு எர்த் என்பதே அந்த ஒரு முனைதான். சண்டைபோட இரண்டாவது எர்த் கிடையாது. த்ரீ பின் வந்தபிறகும் தனி எர்த் என்ற பழக்கம் மட்டும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. அடுத்தது இரைச்சல். வீட்டு எர்த்தில் எல்.இ.டி. பல்பு, மோட்டார், சார்ஜர் எல்லாம் கொட்டுகிற இரைச்சல் ரேடியோவில் ஏறுவது உண்மை. குழியைப் பிரித்தால் சிலசமயம் அது குறைவதும் உண்மை. ஆனால் இரைச்சலுக்கு மருந்து, கேபிளை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றுவது. சில நூறு ரூபாய் வேலை. அதற்காக உயிர்ப் பாதுகாப்பைப் பிரித்துப்போடுவது நியாயமில்லை. மூன்றாவது, வீட்டு எர்த்திலேயே நம்பிக்கை இல்லாதது. பழைய வயரிங்கில் நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போட்டுவைத்த வீடுகள் உண்டு. அங்கே ரேடியோவைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். அப்படி இருந்தால் முதலில் வயரிங்கைச் சரிசெய்ய வேண்டும். குழந்தைகள் ஃபிரிட்ஜைத் தொடுகிற வீட்டில் ரேடியோவை மட்டும் பிரித்து வைத்து என்ன பயன்?

எர்த் செய்தால் இடியை இழுக்கும் என்று ஏரியலைச் சும்மா விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சில கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கிவரும் மின்னல், எங்கே விழுவது என்று கடைசிப் பல பத்து மீட்டரில்தான் முடிவாகிறது. அங்கே கணக்கு உயரத்துக்குத்தான். எர்த் இல்லாத ஏரியலும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற விஞ்ஞானி கூரையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை அறைக்குள் கொண்டுவந்து, மண்ணோடு சேர்க்காமல், தன் அளவுகருவியோடு மட்டும் சேர்த்திருந்தார். புயல் வந்தபோது அளவைப் பார்க்கக் குனிந்தார். கம்பியிலிருந்து தாவிய மின்னல் அவர் நெற்றியில் அடித்து அங்கேயே உயிர் போனது. மழை வரும்போது கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி மேசைக் காலோடு சுற்றிவைக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ரிச்மனின் அறையைத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். கழற்றுங்கள், தவறில்லை. கரண்ட் பிளக்கையும் பிடுங்குங்கள். ஆனால் கேபிள் முனை வீட்டுக்கு வெளியே, எர்த்தில் கட்டியபடி கிடக்க வேண்டும்.

குழிகளைச் சேர்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மின்னல் மின்சாரம் மைக்ரோ விநாடிகளில் ஏறுவதால், நேரான கம்பிகூட அதற்குப் பெரும் தடை. ஒவ்வொரு மீட்டருக்கும் 10,000 வோல்ட்டோ அதற்கு மேலோகூட நிற்கலாம். அதனால் குழிகளைக் கட்ட உருண்டைக் கம்பியைவிட அகலமான செம்புப் பட்டையோ ஜி.ஐ. பட்டையோ நல்லது. சுவரை ஒட்டி வெளியே போக வேண்டும், மூலையில் முறித்து மடக்காமல் பெரிய வளைவாக வளைக்க வேண்டும். பட்டை மட்டும் போதாது. ஏரியல் கேபிள் கொல்லைப்பக்க ஜன்னலில் நுழைவதை விட்டுவிட்டு, மீட்டர் பெட்டிக்கு அருகே ஒரு செம்புத் தகட்டுக்கு வரட்டும். அங்கே கேபிளுக்கு மின்னல் அரெஸ்டர், அங்கேயே கரண்டுக்கும் சர்ஜ் புரொடெக்டர், இன்டர்நெட் கேபிள் வந்தால் அதற்கும் அங்கேயே. எல்லா வயரும் ஒரே வாசலில் நுழைய வேண்டும். எனக்கு இதைச் செய்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ரேடியோ அறையையே முன்பக்கத் திண்ணைக்கு அடுத்த அறைக்கு மாற்றினேன்.

போன வாரம் ஹாம் லைசென்ஸ் வாங்கிய தம்பி ஒருவன் போன் செய்தான். “அண்ணே, ஏரியலுக்குத் தனிக் குழி தோண்டி முடிச்சுட்டேன். உப்பு வாங்கணும்” என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். குழி வீண்போகாது, மூடாதே என்றேன். அங்கிருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் சுவரோரமாக ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னேன். எத்தனை அடி வரும் என்று அளந்து சொல்லச் சொன்னேன். சற்று நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். நாற்பத்திரண்டு அடியாம். பட்டையை நானே வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.