பற்றுவரியில் காணும் புதுப்பெயர்

தகடூர் என்பதும் தருமபுரி என்பதும் ஓரூரின் இரு பெயர்கள். பயின்றறிந்தவர்க்கு இதில் மயக்கமில்லை. அறியாதார் இரண்டும் வெவ்வேறூர் என்றே எண்ணுவர். வங்கிக் கணக்கை நோக்கும் நம்மவர் பலர்க்கு இந்நாளில் நேரும் மயக்கமும் இத்தகையதே. பொருள் வாங்கிய கடையின் பெயர் ஒன்று. கணக்கில் பற்றெழுதப்பட்ட பெயர் மற்றொன்று. கண்டவர் ஒன்று அஞ்சி நடுங்குகின்றனர். அன்றேல் ‘ஏதோ ஒன்று’ என்று வாளாவிருக்கின்றனர். இவ்விரண்டும் தவறென்பதே என் கருத்து.

பெயர் மாறுபடுதற்குக் காரணங்கள் சில உள. கடைவாயிலிற் கட்டிய பலகையின் பெயர் வேறு. சட்டப்படி பதிவுபெற்ற நிறுவனத்தின் பெயர் வேறு. டி-மார்ட் என்னும் கடைகளை நடத்தும் நிறுவனம் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் என்பதாகும். உணவு கொணரும் சொமாட்டோவின் நிறுவனம் 2025-இல் எடர்னல் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. சிறு வணிகர் சிலர் பணம் பெற்றுத்தரும் இடைநிறுவனத்தின் வாயிலாகப் பெறுவர். அப்பொழுது இடைநின்றவர் பெயரே கணக்கில் ஏறுதலும் உண்டு. அன்றியும், அட்டைவழிச் செலுத்துகைச் செய்தியில் கடைப்பெயர், ஊர், நாடு ஆகிய மூன்றிற்குமாக ஒதுக்கப்பட்டவை 40 எழுத்திடங்களே. ஆதலின் நெடும்பெயர்கள் குறைப்பட்டு நிற்கின்றன. அரூரில் வாங்கிய பொருளுக்கு மும்பை என ஊர்ப்பெயர் காணின், அது தலைமை நிலையத்தின் பெயராயிருத்தல் கூடும்.

வங்கிகளின் பெயரே மாறக் கண்டோமன்றோ? நம்மூரின் அதியமான் கிராம வங்கி 2006-இல் வள்ளலார் கிராம வங்கியோடிணைந்து பல்லவன் கிராம வங்கியாயிற்று. அது 2019-இல் பாண்டியன் கிராம வங்கியோடிணைந்து தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. ஆகவே புதுப்பெயரெல்லாம் களவாகா.

எனினும் களவு ஒருபோதும் இராதென்று துணிதலும் பேதைமையே. திருடிய அட்டையெண் செல்லுமோ என்றறியக் கயவர் முதலிற் சிறுதொகையை எடுத்துப் பார்ப்பதுண்டு. ‘பத்து ரூபாய்தானே’ என்று விடுபவர், பின்னர்ப் பெருந்தொகையை இழக்கவும் நேரும்.

ஆதலின் முறையாக ஆராய்தல் வேண்டும். முதலில் தொகையையும் நாளையும் நோக்குக. அட்டையிற் செலுத்திய நாளுக்கும் கணக்கிலேறிய நாளுக்கும் இரண்டொரு நாள் வேறுபாடு இருக்கலாம். அடுத்து, கடைச்சீட்டையும் கைப்பேசிச் செய்தியையும் ஒப்பிடுக; யு.பி.ஐ. வழிச் செலுத்தியதாயின் அதன் 12 இலக்கக் குறிப்பெண் துணைசெய்யும். வீட்டார் எவரேனும் செலுத்தினரோ என்றும், மாதந்தோறும் தானே கழியுமாறு முன்பு இசைவளித்த சந்தா ஏதேனும் உண்டோ என்றும் வினவுக. இத்தனைக்குப் பின்னும் விளங்காதாயின், கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் புறத்திலோ அச்சிட்ட எண்ணுக்கே தெரிவிக்க. இணையத்தில் தேடிக் கிட்டிய எண்ணை நம்பற்க. உதவி செய்வார்போல் வந்து மறைவெண் கேட்பாரும் அங்கே உளர். மோசடி என்று தெளிந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவிக்க.

காலந்தாழ்த்தலாகாது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் விடுத்த சுற்றறிக்கை, வங்கியிடத்தும் வாடிக்கையாளரிடத்தும் குறையின்றிப் பிறரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் செய்தி கிடைத்தபின் 3 அலுவல் நாட்களுக்குள் தெரிவித்தவர்க்குப் பொறுப்பில்லை என வகுத்தது. 4 முதல் 7 நாட்களுக்குள் தெரிவிப்பின், சாதாரண சேமிப்புக் கணக்கினர் ஏற்கவேண்டிய உச்சவரம்பு 10,000 ரூபாய் என்றது. குற்றம் வாடிக்கையாளருடையதென்று மெய்ப்பிக்கும் சுமையையும் வங்கியின்மீதே வைத்தது. விதிகள் திருத்தமுறுவன, ஆதலின் நடப்பு விதியைக் கிளையிற் கேட்டறிக. விரைந்து சொல்பவர்க்கே காப்பு மிகுதி என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

வங்கிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பதிவுபெற்ற பெயரை எழுதுதலே சட்டத்திற்கொத்தது என்பர். அதனை மறுக்கிலேன், ஆயினும் அதன் பக்கத்தே பலகைப்பெயரையும் தமிழில் எழுதினால் எவர்க்கு இழுக்கு? பென்னாகரத்தினின்றும் பாலக்கோட்டினின்றும் வரும் உழவர், தம் பணம் எவரிடம் சென்றதென்பதைத் தம் மொழியிற் படித்தறிதல் வேண்டாவோ?

அந்நாள் வருமளவும் கடமை நம்முடையது. மாணவ நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் செல்லுங்கால் பெற்றோரின் கணக்குப் புத்தகத்தை அவர்கள் இசைவுடன் வாங்கி, அவர்கள் அருகமர்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளன்றோ நம்மை ஈண்டுப் படிப்பிக்கின்றது? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். அளந்து போட்டவர்க்கே, அளவு குறைந்தால் கேட்கும் உரிமையும் துணிவும் உண்டாகும்.